மலேரியாவுக்காக ரத்தம் மாறவில்லை

“மலேரியாவிலிருந்து தப்பிப்பதற்காக ஆப்பிரிக்க மக்களின் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு மாறிக்கொண்டன.” இந்த மாதிரி வாக்கியத்தைப் பயிற்சி மையக் குறிப்புகளிலும் யூடியூப் விளக்கங்களிலும் எளிதாகப் பார்க்கலாம். படிக்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் சடுதிமாற்றம், மரபுவழிக் கடத்தல், இயற்கைத் தேர்வு என்ற மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் இதில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. சடுதிமாற்றம் ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் ஒரு கணத்தில் நடந்து முடிவது. மரபுவழிக் கடத்தல் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே நடப்பது. இயற்கைத் தேர்வு மக்கள்கூட்டம் முழுவதிலும் தலைமுறை தலைமுறையாக நடப்பது.

இந்தக் குழப்பத்தால் தேர்வில் இரண்டு மதிப்பெண் போனால் பெரிய விஷயமில்லை. ஆனால் பரம்பரை நோயோடு குழந்தை பிறந்ததும் “எங்கள் வம்சத்தில் இப்படி யாரும் கிடையாது” என்று மருமகள் மேல் பழி போடும் குடும்பங்கள் இருக்கின்றன. சொந்தத்தில் கட்டினால் மரபணு கெட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்தே மனித இனம் பலவீனமாகிறது என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான். அதனால் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகையையே எடுத்துக்கொண்டு மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். மூன்றும் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற இன்னொரு நோய் எனக்குத் தெரிந்து இல்லை.

1910ல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில் பிறைபோல வளைந்த சிவப்பணுக்களைக் கண்டதாக எழுதினார். காரணம் என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை. 1949ல் லைனஸ் பாலிங்கும் அவரது குழுவினரும், இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் நகரும் விதமே வேறு என்று காட்டினார்கள். அப்புறம் 1956-57ல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் அந்த வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதைக் கண்டுபிடித்தார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். நோயாளிகளிடம் அங்கே வாலைன் இருந்தது. மீதி 145-ம் அப்படியே இருந்தன.

டி.என்.ஏ.வில் பார்த்தால் வேறுபாடு இன்னும் சிறியது. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11-வது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து, ஜி-டி-ஜி என்று மாறியிருக்கிறது. சுமார் 300 கோடி எழுத்து கொண்ட மனித மரபுத்தொகுதியில் ஓர் எழுத்து. இதன் விளைவு பெரியது. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிவிடுகின்றன. இழைகள் தள்ளுவதால் சிவப்பணு வளைந்து விறைத்துப்போகிறது, நுண்குழாய்களை அடைக்கிறது, பொறுக்க முடியாத வலி வருகிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் அழிகிறது.

அந்த ஏ என்ற எழுத்து டி ஆன கணம்தான் சடுதிமாற்றம். ஏதோ ஒரு காலத்தில், யாரோ ஒருவரின் விந்துவோ கருமுட்டையோ உருவாகும் வழியில், டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது நேர்ந்த பிழை அது. அந்த நபருக்கு மலேரியா இருந்ததா, அவர் ஊரில் கொசு இருந்ததா என்பதற்கும் அந்தப் பிழைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தேவைக்காகச் சடுதிமாற்றம் வருவதில்லை என்பதை வெறும் நம்பிக்கையாகச் சொல்லவில்லை. 1943ல் சால்வடார் லூரியாவும் மேக்ஸ் டெல்புரூக்கும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பாக்டீரியாவை வைரஸ் தாக்கும்போது பெரும்பாலானவை சாகும், சில மட்டும் பிழைக்கும். பிழைத்தவை வைரஸைக் கண்ட பிறகு மாறினவா, அதற்கு முன்பே மாறியிருந்தனவா? அவர்கள் பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, ஒவ்வொன்றையும் வைரஸ் பூசிய தட்டில் ஊற்றினார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் மாறுகின்றன என்றால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் பிழைக்க வேண்டும். முன்பே தற்செயலாக மாறியிருந்தால், சீக்கிரமே மாற்றம் நேர்ந்த குழாயில் அதன் சந்ததி பெருகிக் கும்பலாக இருக்கும். மாற்றம் நேராத குழாயில் ஒன்றுகூட இருக்காது. தட்டுகளில் இரண்டாவதுதான் தெரிந்தது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் நூற்றுக்கும் மேல். சூதாட்ட இயந்திரத்தில் சக ஆசிரியர் ஒருவர் காசு போட்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த யோசனை வந்ததாக லூரியா பிற்பாடு எழுதியிருக்கிறார். உயிரியலில் செய்யப்பட்ட சோதனைகளில் இதைவிட அழகானது குறைவு என்று நினைக்கிறேன்.

கதிர்வீச்சு, புகையிலைப் புகை, சில ரசாயனங்கள் எல்லாம் சடுதிமாற்றத்தின் எண்ணிக்கையைக் கூட்டும், உண்மைதான். ஆனால் எந்த எழுத்து மாற வேண்டும் என்று அவை குறி வைப்பதில்லை. இதே 6-வது இடத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு பிழையும் நேர்ந்திருக்கிறது. அங்கே குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்து, ஹீமோகுளோபின் சி என்ற வகை உண்டானது. அதுவும் மலேரியாவின் தீவிரத்தைக் குறைக்கிறது, நோயாக வெளிப்பட்டாலும் அரிவாள் செல் சோகை அளவுக்குக் கொடியதல்ல. குறி வைத்து நடந்திருந்தால் கொடிய வகை எதற்கு வந்தது?

இங்கே இன்னொரு கோட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். எல்லாச் சடுதிமாற்றமும் பிள்ளைக்குப் போகாது. வெயிலால் தோல் செல்லில் நேர்ந்த பிழையும் புகையால் நுரையீரல் செல்லில் நேர்ந்த பிழையும் அந்த உடம்போடு முடிந்துவிடும். புற்றுநோய்களில் மிகப் பெரும்பகுதி இந்த வகைதான். மரபணு நோய் என்று சொல்லலாம், பரம்பரை நோய் என்று சொல்ல முடியாது. விந்துவிலோ கருமுட்டையிலோ இருக்கிற மாற்றம் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கதவு திறக்கும். வாழ்நாளில் உடம்புக்கு நேர்வது பிள்ளைக்கு இறங்குமா என்று பார்க்க, 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் விஞ்ஞானி ஆகஸ்ட் வைஸ்மன் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தார். குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன. அவர் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். நம் ஊரில் எத்தனையோ தலைமுறையாகத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிறோம், இன்றுவரை எந்தக் குழந்தையும் ஓட்டையோடு பிறக்கவில்லை.

நம் எல்லோரிடமும் புதிய சடுதிமாற்றங்கள் இருக்கின்றன. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றங்கள் சுமார் 60 முதல் 70 வரை இருக்கும். பெரும்பாலானவை எந்தப் பாதிப்பும் செய்யாதவை. இவற்றில் கூடுதல் பங்கு தந்தை வழியில் வருகிறது, தந்தையின் வயது கூடக்கூட எண்ணிக்கையும் கூடுகிறது. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. ஆணின் விந்துவுக்கான செல்களோ வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருப்பவை, ஒவ்வொரு பிரிதலிலும் நகல் பிழைக்கு வாய்ப்பு உண்டு. ஐஸ்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2012ல் வெளிவந்த ஆய்வு, தந்தையின் வயதில் கூடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஏறக்குறைய 2 புதிய மாற்றங்கள் கூடுவதாகக் கணக்கிட்டது. குழந்தைக்கு ஏதாவது என்றால் தாயின் பக்கமே விரல் நீட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புதிய மாற்றம் வேறு, பரம்பரையாக வருவது வேறு என்பதற்கு அகோண்ட்ரோபிளேசியா நல்ல உதாரணம். கை கால் எலும்புகள் நீளாமல் உயரம் குறையும் நிலை அது. இந்த நிலையோடு பிறப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேருடைய பெற்றோர் வழக்கமான உயரம் உள்ளவர்கள். ‘வம்சத்தில் இல்லாதது’ என்று சொல்வது இங்கே முழு உண்மை. அது அந்தக் குழந்தையிடம்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து பெற்றோராகும்போது, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. முதல் தலைமுறையில் சடுதிமாற்றம், இரண்டாவதில் மரபுவழிக் கடத்தல்.

ஓலைச்சுவடியைப் பிரதி எடுத்த காலத்தை நினைத்தால் மூன்றும் பிரிந்து தெரியும். எழுதுகிறவர் கை தவறி ஓர் எழுத்தை மாற்றிவிடுவது சடுதிமாற்றம். அடுத்தவர் அந்தப் பிழையோடு சேர்த்தே பிரதி எடுப்பது மரபுவழிக் கடத்தல். அவருக்கு அது பிழையென்று தெரியாது, உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் அவர் வேலை. கரையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பி எந்தப் பாடம் அதிகப் பிரதிகளில் மிஞ்சுகிறது என்பது இயற்கைத் தேர்வு.

மரபுவழிக் கடத்தலின் கணக்கை முதலில் கண்டவர் கிரெகர் மெண்டல். பிர்னோ நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, 1865ல் முடிவுகளை வாசித்தார், 1866ல் அச்சிட்டார். 1900 வரை அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1859ல் இயற்கைத் தேர்வை விளக்கிய சார்லஸ் டார்வினுக்குக் கடைசிவரை மரபுவழி எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாது. பண்புகள் தண்ணீரும் பாலும் மாதிரி கலந்துவிடும் என்றால் எந்த நல்ல மாற்றமும் சில தலைமுறையில் நீர்த்துப்போகுமே என்று அவரைக் கேட்டார்கள், அவரிடம் சரியான பதில் இல்லை. பண்புகள் கலப்பதில்லை, மரபணுக்கள் முழு முழு அலகுகளாகவே இறங்குகின்றன என்ற பதில் மெண்டலின் கட்டுரையில் இருந்தது.

அரிவாள் செல்லில் இந்தக் கணக்கு எளிது. ஒவ்வொருவரிடமும் பீட்டா சங்கிலி மரபணு இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டும் மாறியிருந்தால் நோய். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவரை மருத்துவர்கள் கேரியர் என்பார்கள். அவர் நோயாளி அல்ல, பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பார். கணவன் மனைவி இருவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, கேரியராக இரண்டில் ஒரு வாய்ப்பு, எதுவுமே இல்லாமல் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு.

இந்த ‘நான்கில் ஒன்று’ எவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பது வேதனையானது. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று நம்பி அடுத்தடுத்துப் பெற்றுக்கொள்கிறவர்கள் உண்டு. முதல் குழந்தைக்கு என்ன ஆனது என்பது இரண்டாவது கருவுக்குத் தெரியாது. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. அதேபோல, இரண்டு கேரியர்கள் மூன்று பிள்ளைகளைப் பெற்றால் மூவருமே நோயில்லாமல் பிறப்பதற்கு 42 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது இப்படிப்பட்ட குடும்பங்களில் கணிசமானவை தங்களிடம் இந்த மரபணு இருப்பதே தெரியாமல் தலைமுறைகளைக் கடந்துவிடும். ‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை’ என்ற பேச்சுக்கு அதனால்தான் மருத்துவத்தில் மதிப்பு குறைவு. நோயுள்ள குழந்தை பிறந்தால் மாறிய பிரதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. புதிய சடுதிமாற்றம் இங்கே காரணமாவது மிக மிக அரிது.

சொந்தத்தில் திருமணம் செய்வதற்கு வருவோம். மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டினால் மரபணு கெட்டுப்போவதில்லை, ஒரு புதிய சடுதிமாற்றம்கூட அதனால் உண்டாவதில்லை. நடப்பது முழுக்க முழுக்க மரபுவழிக் கணக்கு. 100 பேரில் ஒருவர் கேரியராக இருக்கும் ஏதாவது ஒடுங்கு மரபணு நோயை, அதாவது இரண்டு பிரதியும் மாறியிருந்தால் மட்டுமே வரும் நோயை, வைத்துப் பார்ப்போம். உறவே இல்லாத இருவர் மணந்தால் குழந்தைக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு 40,000ல் 1. மாமன் மகள், அத்தை மகன் என்றால் அது சுமார் 3,000ல் 1 ஆகிறது. தாய்மாமன் அக்கா மகளை மணந்தால் சுமார் 1,550ல் 1. இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே மறைந்திருக்கும் பிரதியைப் பெற்றிருக்கக்கூடும் என்பதுதான் காரணம். ஆபத்து பல மடங்கு கூடுகிறது, ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. அதனால்தான் ‘எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொந்தத்தில்தான், ஒன்றும் ஆகவில்லையே’ என்ற வாதமும் எடுபடுகிறது. ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வைத்து 3,000ல் 1 என்ற கணக்கை மறுக்க முடியாது.

இன்னொரு தவறான நம்பிக்கை, ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பு காலப்போக்கில் மக்களிடம் பெருகிவிடும், ஒடுங்கு பண்பு மறைந்துவிடும் என்பது. மெண்டலின் கட்டுரை மறுபடி கண்டெடுக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே இந்தக் கேள்வி கேம்பிரிட்ஜில் எழுந்தது. மரபியலாளர் ரெஜினால்ட் புன்னெட் தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணிதவியலாளர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனார். அவர் ஜி.எச். ஹார்டி, பின்னாளில் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். 1908ல் அவர் சில வரிகளில் பதில் எழுதினார். தேர்வு, புதிய சடுதிமாற்றம், இடப்பெயர்ச்சி எதுவும் இல்லாத பெரிய மக்கள்கூட்டத்தில் மரபணுக்களின் பங்கு தலைமுறை தலைமுறையாக மாறாமல் அப்படியே இருக்கும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் வைன்பெர்க்கும் அதே ஆண்டு தனியாக இதைச் சொன்னார். மரபுவழிக் கடத்தலுக்குத் தன்னளவில் எதையும் பெருக்கவோ குறைக்கவோ தெரியாது என்று இதற்குப் பொருள். ஒரு மரபணு ஓரிடத்தில் ஏராளமாக இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணத்தைத் தேடிப் போனவர் கென்யாவில் வளர்ந்த ஆன்டனி அலிசன். 1949ல் ஆக்ஸ்ஃபோர்டு பயணக்குழுவோடு கென்யாவுக்குப் போய் ரத்த மாதிரிகளைச் சேகரித்தபோது, கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் 20 சதவீதத்துக்கு மேல் கேரியர்கள் இருப்பதையும், உயரமான பகுதிகளிலும் வறண்ட பகுதிகளிலும் 1 சதவீதம்கூட இல்லாததையும் பார்த்தார். நோய்வாய்ப்பட்ட குழந்தைகளைச் சாகடிக்கும் மரபணு எப்படி இவ்வளவு பேரிடம் நிலைக்கும்? இரண்டு வகை இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் மலேரியா. 1954ல் வெளியிட்ட ஆய்வில் அவர் 15 கேரியர்களுக்கும் கேரியரல்லாத 15 பேருக்கும் மலேரியாக் கிருமியைச் செலுத்திப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். கேரியரல்லாதவர்களில் 14 பேருக்குத் தொற்று வந்தது, கேரியர்களில் 2 பேருக்குத்தான் வந்தது. இன்று இப்படியொரு சோதனையை எந்த நெறிமுறைக் குழுவும் இவ்வளவு எளிதாக அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் கேரியர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்பதைப் பின்வந்த பல ஆய்வுகள் உறுதிசெய்துவிட்டன. கிருமி புகுந்த சிவப்பணு அவர்களிடம் எளிதில் வளைகிறது, மண்ணீரல் அதைக் கிருமியோடு சேர்த்து அப்புறப்படுத்துகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கிருமியின் வளர்ச்சியும் தடைபடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் தேர்வு கண்முன்னே தெரியும். மலேரியா மண்டலத்தில் 100 குழந்தைகள் பிறக்கின்றன, மரபணுப் பிரதிகளில் 10 சதவீதம் அரிவாள் வகை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 81 பேரிடம் அந்த வகை இல்லை, 18 பேர் கேரியர்கள், ஒருவருக்கு நோய். நோயுள்ள குழந்தை சிறுவயதிலேயே இறந்துவிடுகிறது. மருத்துவ வசதி இல்லாத காலத்தில் அதுதான் பெரும்பாலும் நடந்தது. அந்த 81 பேரில் 9 பேர் மலேரியாவில் இறக்கிறார்கள், 18 கேரியர்களும் பிழைக்கிறார்கள். மிஞ்சியவர்கள் 90 பேர், அவர்களிடம் உள்ள பிரதிகள் 180, அதில் அரிவாள் வகை 18. மறுபடியும் சரியாக 10 சதவீதம். ஒரு பக்கம் நோய் அந்த மரபணுவைக் கழிக்கிறது, இன்னொரு பக்கம் மலேரியா மற்றதைக் கழிக்கிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் மரபணு நிற்கிறது.

இந்தக் கணக்கில் யாருடைய ரத்தமும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறந்தபோது இருந்த மரபணுவோடுதான் அத்தனை பேரும் வாழ்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். தேர்வு எதையும் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பவற்றில் எது எத்தனை பிரதியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதை மட்டும் மாற்றுகிறது. மக்கள் ‘பழகிக்கொண்டார்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் தலைமுறைக்கு நூற்றில் பத்துக் குழந்தைகளின் சாவு இருக்கிறது.

நல்ல மரபணு, கெட்ட மரபணு என்ற பேச்சும் இந்த இடத்தில் உடைகிறது. மேலே போட்ட கணக்கில் மலேரியாவை மட்டும் எடுத்துவிடுங்கள். 99 பேர் பிழைப்பார்கள், 198 பிரதிகளில் 18 மட்டும் அரிவாள் வகை, பங்கு 9.1 சதவீதமாக இறங்கத் தொடங்கிவிடும். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களில் இன்று சுமார் 13 பேருக்கு ஒருவர் கேரியர். மேற்கு ஆப்பிரிக்காவின் மலேரியா மண்டலங்களில் இருப்பதைவிட இது குறைவு. மலேரியா குறைந்தது ஒரு காரணம், பிற மக்களோடு நேர்ந்த கலப்பு இன்னொன்று. மரபணு ஒன்றேதான், இடம் மாறியதும் அதன் மதிப்பு மாறிவிட்டது.

இந்தியாவில் இந்த மரபணு முதலில் பதிவானது நம் நீலகிரியில். 1952ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டறியப்பட்டது. பிறகு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா, சத்தீஸ்கர், வயநாடு என்று பல பழங்குடிப் பகுதிகளில் தெரியவந்தது. இவற்றில் பல, நெடுங்காலம் மலேரியாவுக்குப் பேர்போன காடும் மலையடிவாரமும்தான். ஆனால் எல்லாவற்றையும் தேர்வின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. சிறிய கூட்டங்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்துவரும்போது தற்செயலாகவே ஒரு மரபணு பெருகவோ காணாமல் போகவோ செய்யும். இது நான்காவது காரணி, பலர் இதையும் தேர்வு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவிலும் அரேபியாவிலும் இந்த மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. எழுத்துகள் ஆப்பிரிக்காவில் காணப்படுவதிலிருந்து வேறுபடுகின்றன. அதனால் ஒரே எழுத்துப் பிழை வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக நேர்ந்திருக்க வேண்டும் என்ற கருத்து நெடுநாள் நிலவியது. முழு மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டு 2018ல் வந்த ஆய்வு, சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருவரிடம் நேர்ந்த பிழையே எல்லா இடத்துக்கும் பரவியது என்று வாதிட்டது. எது சரியானாலும், சடுதிமாற்றம் நேர்ந்தது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அதை இத்தனை லட்சம் பேரிடம் கொண்டுவந்து சேர்த்தவை மரபுவழிக் கடத்தலும் தேர்வும்.

சரி, நோயாளிகளைக் காப்பாற்றுவதால் இனம் பலவீனமாகிறது என்ற பேச்சுக்கு என்ன பதில்? கணக்கே பதில். பிரதிகளில் 1 சதவீதம் மட்டுமே உள்ள ஒடுங்கு மரபணுவை எடுத்துக்கொண்டால், 10,000 பேரில் ஒருவருக்கு நோய் இருக்கும், சுமார் 200 பேர் கேரியர்களாக இருப்பார்கள். மரபணுவின் 99 சதவீதப் பிரதிகள் நலமாக இருப்பவர்களிடம்தான் இருக்கின்றன. நோயுள்ள எல்லோரும் பிள்ளையில்லாமல் இறந்தாலும் அந்த 1 சதவீதம் அரை சதவீதமாக 100 தலைமுறை ஆகும், அதாவது ஏறக்குறைய 2,500 ஆண்டு. வைத்தியம் பார்த்தால் இனம் கெடும் என்று சொல்கிறவர்களும், 20-ம் நூற்றாண்டில் பல நாடுகளில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தவர்களும் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. அந்தச் சட்டங்கள் மனிதர்களுக்குச் செய்தது கொடுமை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் இந்திய அரசு அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 40 வயதுவரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்பவை இலக்கு. பரிசோதனையில் கேரியர் என்று தெரிபவர் இன்னொரு கேரியரை மணக்காமல் பார்த்துக்கொண்டால் நோயுள்ள குழந்தைகள் பிறப்பது குறையும். இது மரபுவழிக் கடத்தலின் மேல் மட்டும் கை வைக்கும் வழி. மரபணு மக்களிடம் அப்படியேதான் இருக்கும். சொல்லப்போனால் நோயால் அது கழிவதும் குறைந்துவிடும். பிறகு நோயை ஒழிப்பது என்றால் மரபணுவை ஒழிப்பது என்று கிராமத்தில் யாராவது புரிந்துகொண்டால் என்ன ஆகும்? கேரியர் அட்டை வைத்திருக்கும் பெண்ணுக்கு வரன் அமையாது. அமெரிக்காவில் 1970களில் கேரியர்களை நோயாளிகளாகவே கருதி வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கிவைத்த வரலாறு இருக்கிறது. பரிசோதனை எவ்வளவு முக்கியமோ, கேரியர் என்றால் நோயாளி இல்லை என்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் அவ்வளவு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

உடம்புக்கு நேர்வது வேறு, பிள்ளைக்கு இறங்குவது வேறு என்ற வேறுபாடு சிகிச்சையிலும் வந்து நிற்கிறது. குழந்தை பிறந்த முதல் சில மாதங்கள் கருவில் இருந்தபோதைய ஹீமோகுளோபினே ரத்தத்தில் மிகுந்திருப்பதால் நோய் வெளித்தெரியாது. இந்திய, அரேபிய நோயாளிகளில் பலருக்கு அந்த வகை ஹீமோகுளோபின் பிற்பாடும் கூடுதலாக இருப்பதால் நோய் சற்று மிதமாக இருப்பதும் உண்டு. இதைப் பின்பற்றித்தான் ஹைட்ராக்சியூரியா மாத்திரை வேலை செய்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி என்ற மரபணு சிகிச்சையும் அப்படித்தான். நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் டி.என்.ஏ.வில் ஓர் இடத்தை வெட்டி, கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கச் செய்து, உடலுக்குள் திருப்பிச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்.

அவ்வளவு செலவழித்து வேண்டுமென்றே செய்யப்படும் இந்த மாற்றமும் ரத்த செல்லோடு நின்றுவிடுகிறது. விந்துவையோ கருமுட்டையையோ அது தொடுவதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் இதே மாதிரிதான். கருவையே திருத்திப் பிள்ளை பெறச் செய்த ஒரு நிகழ்வு 2018ல் சீனாவில் வெளியே வந்தது. அதைச் செய்த ஹெ ஜியான்குவேய் அடுத்த ஆண்டு மூன்றாண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஆகவே, வலியெல்லாம் போய் முழுதாகக் குணமடைந்த ஒருவருக்கும் பிள்ளைக்குக் கொடுக்க அரிவாள் வகைப் பிரதி மட்டுமே இருக்கிறது. அவர் மணப்பவர் கேரியராக இல்லாவிட்டால் பிள்ளைகள் எல்லோரும் நோயில்லாத கேரியர்களாகப் பிறப்பார்கள். கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. குணமாகிவிட்டதே என்று விட்டுவிடாமல், திருமணத்துக்கு முன் துணையாக வருபவரின் ரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்ல வேண்டியது மருத்துவரின் பொறுப்பு.